சொன்ன பேச்சைக் கேட்காத ஆசாமிகள்! தெரியுமா?

திருவனந்தபுரம் பூஜப்புரைச் சிறையில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் முகத்தை இதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லை. அவளைக் காதலித்தவரே பார்த்ததில்லை! தெரியுமா?

பெயர் நாராயணி. வைக்கம் முகம்மது பஷீரின் ‘மதிலுகள்’ நாவலின் நாயகி. 1940-களில் திருவிதாங்கூர் அரசு பஷீரைப் பிடித்து அந்தச் சிறையில் போட்டது. ஆண் கைதிகளுக்கும் பெண் கைதிகளுக்கும் நடுவே ஓங்கி நிற்கும் மதில். அதற்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வருகிறது. அந்தக் குரலோடுதான் காதல்! நாவலில் காதலனின் பெயரும் பஷீர்தான். இங்கிருந்து ரோஜாச் செடி மதில் தாண்டிப் போகிறது. அவள் வந்துவிட்டாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காய்ந்த குச்சி ஒன்றை வானத்தைப் பார்த்து எறிவாள். மதிலுக்கு மேலே குச்சி எழும்பினால் நாராயணி ஆஜர்!

கடைசியில் சிறை மருத்துவமனையில் நேருக்கு நேர் பார்த்துவிடலாம் என்று நாள் குறிக்கிறார்கள். அதற்குள் என்ன வந்தது தெரியுமா? விடுதலை உத்தரவு! ஐயோ, விட்டுவிட்டார்களே என்று தவித்து நின்ற கைதியை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

நாராயணி நிஜமா, பஷீர் தனிமையில் நெய்த கற்பனையா? அறுபது வருஷமாக வாசகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடூர் கோபாலகிருஷ்ணன் படமாக எடுத்தபோது மம்முட்டி பஷீராக வந்தார். நாராயணி? ஒரே ஒரு காட்சியிலாவது? கிடையவே கிடையாது! கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும்தான். படம் முடிந்து வெளியே வந்தவர்கள் அவள் சிரிப்பைப் பற்றிப் பேசினார்கள்!

*

அதே சிறையில் பஷீர் இன்னொரு காரியமும் செய்தார். கூட இருந்த கைதிகள் பொழுதுபோகாமல் கிடந்தார்களாம். அவர்களுக்குப் படித்துக் காட்ட ஒரு காதல் கதை எழுதினார். அதுதான் ‘பிரேமலேகனம்’, 1943-ல் புத்தகமானது. கேசவன் நாயர் இந்து, சாறாம்மா கிறிஸ்தவர். பிறக்கப்போகும் பிள்ளைக்கு எந்த மதத்துப் பெயர் வைப்பது? ஆளுக்கொரு சீட்டு எழுதிக் குலுக்கிப் பார்க்கிறார்கள். ஒரு சீட்டில் ஆகாசம், இன்னொன்றில் மிட்டாய். பிள்ளையின் பெயர் ‘ஆகாச மிட்டாய்’! இந்த அப்பாவிக் காதலர்களைக் கண்டு அரசு பயந்துபோய்ப் புத்தகத்தைத் தடை செய்தது என்றால் நம்புவீர்களா?

*

சரி, தன்னை எழுதிய ஆசிரியரின் புத்தகத்தையே தின்ற கதாபாத்திரம் எது?

ஆடு! ‘பாத்தும்மாவின் ஆடு’. பஷீரின் தங்கை வளர்த்த ஆடு. வீட்டுக்குள் புகுந்தது, ‘பால்யகால சகி’யை மென்றது, ‘சப்தங்கள்’ நாவலையும் விடவில்லை. எழுத்தாளர் என்ன செய்தார்? வேடிக்கை பார்த்தார்! ஆடு அடுத்ததாகப் போர்வையில் வாய் வைக்கப் போனபோதுதான் பதறி ஓடினார். புத்தகத்துக்கு வேறு பிரதி கிடைக்கும், நூறு ரூபாய்ப் போர்வைக்குப் பிரதி கிடையாதே என்பது அவர் கவலை! விமர்சகர்கள் பலரைவிட அந்த ஆடு பஷீரை ருசித்துப் படித்தது என்பது என் கட்சி.

*

கதாபாத்திரம் எழுத்தாளர் சொல்வதைக் கேட்காது என்பதெல்லாம் சும்மா கதை விடுவது என்கிறீர்களா? கணக்கே எடுத்திருக்கிறார்கள்!

அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஜரி டெய்லரும் அவர் குழுவினரும் 50 எழுத்தாளர்களைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டார்கள். 2003-ல் முடிவு வெளியானது. தங்கள் பாத்திரங்கள் தம் இஷ்டத்துக்கு நடப்பதை ஓரளவாவது உணர்ந்திருப்பதாகச் சொன்னவர்கள் எத்தனை சதவீதம் தெரியுமா? 92! அப்படியானால் தம் ஆட்களை முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் ஐம்பதில் நாலே பேர்!

இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் எடின்பரோ புத்தகத் திருவிழாவுக்கு வந்த 181 எழுத்தாளர்களிடம் கேட்டது. எழுதும்போது பாத்திரங்கள் பேசுவது காதில் விழுகிறது என்றவர்கள் 63 சதவீதம். அவர்கள் சுயமாக நடந்துகொள்கிறார்கள் என்றவர்கள் 61 சதவீதம். மற்றவர்களுக்குக் காது மந்தமோ என்னவோ!

*

திருவனந்தபுரத்துக்கே வருவோம். கதை நாயகர்கள் கோர்ட்டுப் படி ஏறிய ஊர் இது!

சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் ‘மார்த்தாண்டவர்மா’ நாவலை வெளியிட்டார். அதில் கிறுக்குச் சாணானாகத் திரிகிறவன் யார் என்று கதை பாதி தாண்டியும் பிடிபடாது. செத்துவிட்டதாக ஊரே நம்பிய அனந்தபத்மநாபன்தான் அந்த வேஷத்தில்! 1922-ல் சி.வி. காலமானார். 1933-ல் நாவல் மௌனப்படமாக வந்தது. கேபிடல் தியேட்டரில் போட்ட கையோடு, உரிமை எங்களுடையது என்று பதிப்பகத்தார் வழக்குப் போட, படம் பெட்டிக்குள் போனது! நாற்பது வருஷம் கழித்து 1974-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டெடுத்தது. மறைந்து திரிவது அனந்தபத்மநாபனுக்குப் புதிதா என்ன?

*

பாத்திரக்கடையில் கதாபாத்திரம் கிடைக்குமா?

கிடைத்தது! கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவில் ஆ. மாதவன் பல்லாண்டு காலம் பாத்திரக்கடை வைத்திருந்தார். உள்ளே எவர்சில்வர் பாத்திரம், வெளியே தெருவில் கதாபாத்திரம்! சுமைதூக்கிகள், தரகர்கள், கைவரிசை காட்டுகிறவர்கள், சந்தைக்கு வந்துபோகும் பெண்கள், எல்லோரும் கல்லாவுக்கு எதிரேயே நடந்துபோனார்கள். தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை! ‘கிருஷ்ணப் பருந்து’, ‘புனலும் மணலும்’ எல்லாம் இந்தக் கைகளிலிருந்து வந்தவைதான். 2015-ல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது ஒரு வேடிக்கை! விருது கட்டுரைத் தொகுப்புக்கு. அத்தனை கதை மாந்தரும் கூட்டமாக வாசலில் நின்று பார்த்திருப்பார்கள்!

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் பத்மநாபசுவாமி கோயில். நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலில் அனந்தன் நாயர் இங்கேதான் சுற்றுகிறார். ஐம்பதைத் தொட்ட ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கை, கதையில் ஓடுவது இரண்டே நாள்! எழுதியவர் யார் தெரியுமா? மின்வாரியப் பொறியாளர்!

*

கவடியாரில் ஒரு பேராசிரியர் இருந்தார். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த டி.கே. துரைசாமி. அவரே நகுலன். நகுலன் உண்டாக்கிய ஆள் நவீனன். அந்த நவீனனும் ஒரு எழுத்தாளன்! துரைசாமிக்குள் நகுலன், நகுலனுக்குள் நவீனன். வெங்காயம் உரிப்பது மாதிரி இருக்கிறதல்லவா?

அதைவிட ஆச்சரியம் சுசீலா! கவிதையில் வருவாள், நாவலில் வருவாள், ஒரு வரியில் வந்து அடுத்த வரியில் காணாமல் போவாள். கூப்பிட்டால் வரமாட்டாள். நகுலன் திருமணம் செய்துகொள்ளவில்லை. சுசீலா யார், எங்கே இருக்கிறாள் என்று வாசகர்கள் விடாமல் கேட்டார்கள். 2007-ல் நகுலன் போய்ச் சேர்ந்தார். சுசீலா மட்டும் இன்னும் இளைஞர்களின் கவிதைகளில் தலைகாட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு எழுத்தாளரின் பாத்திரம் அடுத்த வீட்டுக் கவிஞர்களிடம் குடிபோன கதை வேறு எங்காவது உண்டா?

*

நாகர்கோவிலிலிருந்து ஒரு தமிழ் எழுத்தாளர் ஒரு மலையாள எழுத்தாளரைப் பெற்றெடுத்தார்! 1981-ல் வந்த சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. ஜோசப் ஜேம்ஸ், கால்பந்து வீரன், எழுத்தாளன். 39 வயதில் இறந்தான். எந்த நாளில்? 1960 ஜனவரி 5. ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்ததற்கு மறுநாள்! நிஜ மரணத்துக்குப் பக்கத்தில் கற்பனை மரணத்தை ஒட்டவைத்த கெட்டிக்காரத்தனம் என்ன செய்தது தெரியுமா? இப்படி ஒருவர் கேரளத்தில் உண்மையிலேயே வாழ்ந்தார் என்று பல வாசகர்கள் நம்பிவிட்டார்கள்! மலையாள நாடக ஆசிரியர் சி.ஜே. தாமஸின் சாயல் என்று சொல்வோரும் உண்டு. அவர் இறந்ததும் அதே 1960-ல்தான்!

*

புரட்சிக்காரனாகப் பிறக்க வேண்டியவன் பாம்பு கடித்துச் சாய்ந்த கதை தெரியுமா?

மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயன் எழுதியது. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தஸ்ராக் என்று ஒரு குக்கிராமம். அவருடைய தங்கைக்கு அங்கே ஓராசிரியர் பள்ளியில் வேலை. 1956-ல் விஜயன் அங்கே போய்த் தங்கினார். அப்போது அவர் தீவிர கம்யூனிஸ்ட். மனதில் ஒரு நாவல் திட்டம்: நகரத்திலிருந்து ஒரு இளைஞன் ஆசிரியனாக வருகிறான், கிராமத்தைத் தட்டி எழுப்புகிறான், புரட்சி வெடிக்கிறது! அச்சுக்கு வார்த்ததுபோன்ற கதை.

1958-ல் ஹங்கேரியின் முன்னாள் பிரதமர் இம்ரே நாகியைக் கம்யூனிஸ்ட் அரசே தூக்கிலிட்டது. அந்தச் செய்தியில் விஜயனின் நம்பிக்கை ஆடிப்போனது. எங்கோ புடாபெஸ்ட்டில் விழுந்த அடி, பாலக்காட்டுப் பனைமரங்களுக்கு அடியில் இருந்த ரவி என்ற கற்பனை வாத்தியாரின் தலையெழுத்தை மாற்றியது! ரவி கொடியைப் பிடிக்க மறுத்துவிட்டான். புரட்சிக்கு வந்தவன் குற்ற உணர்விலிருந்து ஓடிவந்தவனாக மாறினான். கிராமத்தை அவன் மாற்றவில்லை, கிராமம் அவனை விழுங்கியது. கடைசியில் மழையில் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்கிறான். பாம்பு கடிக்கிறது!

‘கசாக்கின் இதிகாசம்’ எழுத எத்தனை வருஷம்? 12! புத்தகமானது 1969-ல். முதலில் நினைத்த புரட்சி நாவலை எழுதாமல் தப்பித்தது தன் அதிர்ஷ்டம் என்கிற ரீதியில் விஜயனே பின்னாளில் எழுதினார். தமிழில் யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் படித்துப் பாருங்கள். ரவி யார் பேச்சையும் கேட்கிற ஆள் இல்லை என்பது மூன்றாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும்!

*

ஒருமுறை முடிந்த கதையிலிருந்து எழுந்து மூன்று முறை நடந்த பெண் யார்?

கங்கா! 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழை, கார், கல்லூரிப் பெண். வீட்டுக்கு வந்து அழுதவளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் அம்மா. அவ்வளவுதான் கதை. தமிழ்நாடே இரண்டுபட்டது! அம்மா செய்தது சரியா, எந்த அம்மாவாவது இப்படிச் செய்வாளா என்று சண்டை.

சரி, அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? அந்த ஒரு கேள்வியில் கங்கா மறுபடி எழுந்து வந்தாள். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’! இந்த முறை படித்த, சம்பாதிக்கிற, யாருக்கும் தலைகுனியாத கங்கா. காரில் வந்தவனைத் தானே தேடிப் போகிற கங்கா! நாவலுக்குள்ளேயே ஒரு எழுத்தாளர் வேறு வருகிறார். கங்காவுக்கு நேர்ந்ததைக் கதையாக்கி, முடிவை மட்டும் நல்லபடியாக மாற்றி எழுதிவிட்ட ஆர்.கே.வி! தன் சிறுகதையைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய துணிச்சல்! 1972-ல் சாகித்திய அகாதெமி விருது.

அதோடு விட்டாளா? ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று மூன்றாவது முறையும் வந்தாள்! ஜெயகாந்தனை அதட்டி வேலை வாங்கியவர் யாருமில்லை என்பார்கள். கங்கா வாங்கினாள்!

*

ஆர்.கே. நாராயணின் ராஜுவுக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது யார் தெரியுமா? இன்னொரு நாவலாசிரியர்!

1956-ல் நாராயண் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ‘தி கைடு’ எழுதினார். ராஜுவைச் சாகவிடலாமா, பிழைக்க வைக்கலாமா? குழம்பினார். கிரஹாம் கிரீன் தயங்கவே இல்லை, செத்தே ஆக வேண்டும் என்றார்! பிறந்து வளர்வதற்கு முன்பே சாவு எழுதப்பட்ட ஆளோடு நாராயண் குடித்தனம் நடத்த வேண்டியதாயிற்று. ஆனால் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மழை வேண்டி நோன்பிருந்த ராஜு ஆற்று நீரில் தளர்ந்து சாய்கிறான். செத்தானா? மழை வந்ததா? இன்றுவரை வாசகர்களுக்குள் ஒத்துப்போகவில்லை! கிரீன் கொடுத்த தீர்ப்புக்கு ராஜு வாய்தா வாங்கிவிட்டான்!

*

டால்ஸ்டாய்க்கே இந்தக் கதி என்றால்? ‘அன்னா கரீனினா’வில் வ்ரோன்ஸ்கி அன்னாவின் கணவனைச் சந்தித்துவிட்டு வருகிற அத்தியாயம் எழுதி முடித்தாயிற்று. திருத்திக்கொண்டிருந்தபோது, சற்றும் எதிர்பாராமல் வ்ரோன்ஸ்கி தன்னையே சுட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டான் என்று 1876-ல் நண்பருக்குக் கடிதம் எழுதினார்! நல்லவேளை, குண்டு பட்டும் பிழைத்தான்.

ஆலிஸ் வாக்கர் என்ன பாடுபட்டார் தெரியுமா? ‘தி கலர் பர்ப்பிள்’ ஆட்களுக்கு நியூயார்க் பிடிக்கவில்லை! வாயைத் திறக்க மறுத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கூட்டிப்போனார், அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் வடக்குக் கலிபோர்னியாவில் ஒரு கிராமத்துப் பக்கம் வீடு பார்த்தார். பேச ஆரம்பித்துவிட்டார்கள்! ஒரு வருஷத்துக்குள் நாவல் முடிந்தது, 1983-ல் புலிட்சர் பரிசு. மாமியார் வீட்டுக்காரர்கள்கூட இவ்வளவு பிகு பண்ணமாட்டார்கள்!

அகதா கிறிஸ்டிக்குத் தன் துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோவைக் கண்டாலே எரிச்சல். 1920-ல் வந்த முதல் நாவலிலேயே அவர் ஓய்வுபெற்றவர். அதன்பிறகு ஐம்பத்தைந்து வருஷம் விடவில்லை! 1975-ல் புவாரோ இறந்ததும் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது. இல்லாத மனிதனுக்கு!

*

கல்கிக்கு வருவோமா? ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் ஓடியது. வந்தியத்தேவனைப் பற்றி வரலாறு சொல்வது எவ்வளவு தெரியுமா? குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டில் ஒரு பெயர். அந்தப் பெயருக்குக் குதிரை கொடுத்து, வாய்த்துடுக்கு கொடுத்து, வீராணம் ஏரிக்கரையில் விட்டார் கல்கி. அதன்பின் யாரால் பிடிக்க முடிந்தது? நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் கல்வெட்டிலேயே கிடையாது! ஐந்து பாகம் முடிந்தும் வாசகர்கள் விடவில்லை. இவன் என்ன ஆனான், அவள் எங்கே போனாள்? கல்கி தனியாக முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று!

*

எல்லோரும் இப்படியா? இல்லை! நபகோவ் இதைக் கேட்டாலே சீறுவார். என் பாத்திரங்கள் துடுப்பு வலிக்கும் அடிமைகள், நான் சொன்ன பக்கம்தான் படகு போகும் என்கிற கட்சி அவர். எனக்கென்னவோ, படகில் அடிக்கடி முணுமுணுப்பு கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனிதர் இவ்வளவு உரக்கச் சொல்வானேன்?

பாத்திரங்கள் தம் இஷ்டத்துக்கு நடப்பதில் மாயம் கிடையாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அம்மாவிடம் ஐநூறு ரூபாய் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்குக் கேட்காமலே காதில் விழுகிறதா இல்லையா? ‘போன வாரம் வாங்கினது என்னாச்சு?’ நீங்களா யோசித்தீர்கள்? அதுவாக வருகிறது! கூடவே வருஷக்கணக்கில் இருந்தால் கதாபாத்திரமும் அப்படித்தானாம்.

அடியேனும் அகப்பட்டவன்தான்! கரமனையில் இருக்கும் ஒருவர் மனைவியோடு சண்டை போட்டுப் பெட்டியோடு கிளம்புகிறார், தம்பானூரில் ரயில் ஏறுகிறார். நாலே பக்கக் கதை. ஆட்டோக்காரருக்கு ஒரே வசனம்: ‘ஸ்டேஷனா சார்?’ எழுதினேன். அடுத்த வரியை அவர் எழுதினார்: ‘டிக்கெட் எடுத்தாச்சா சார்?’

என் நாயகர் டிக்கெட் எடுக்கவில்லை! எனக்கே அப்போதுதான் தெரியும்!

கிள்ளிப்பாலம் தாண்டவில்லை, வண்டி ஓரம் கட்டிவிட்டது. சாயா குடித்துவிட்டுப் போகலாமாம். கண்ணாடிப் பெட்டியில் பழம்பொரி, சாயா எனக்கில்லை, அவர்கள் இருவருக்கும்தான். ஆட்டோக்காரர் தன் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் வீட்டுக்காரி ஏழு நாள் பேசவில்லையாம். நாலு பக்கம் பதினொன்றாகிவிட்டது. ரயில் போய்விட்டது. ஆட்டோக்காரர் இப்போது இரண்டாவது சாயா சொல்லியிருக்கிறார், சர்க்கரை குறைவாக!